ரெண்டு ரூம் வக்கீல்

ஆறுமுகநயினார் சாரின் பெயரைச் சொல்லி நெல்லைக் கோர்ட்டு வளாகத்தில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'ரெண்டு ரூம் வக்கீல்' என்று கேட்டால் டீக்கடைக்காரரே கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார். அவருக்கு நான் இருபத்திரண்டு வருஷம் குமாஸ்தா. இசக்கிமுத்து என்று பெயர். பிறகு அவர் அரசாங்க ஆணையம் ஒன்றுக்குத் தலைவராகிச் சென்னைக்குப் போனபோது, 'நேர்முக உதவியாளர்' என்று ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நெல்லையிலும் வழக்குக் கட்டுத் தூக்கினேன், சென்னையிலும் கட்டுத் தூக்கினேன்.

பட்டப்பெயர் வந்த கதை இதுதான். சார் குடும்ப வழக்குகள் மட்டுமே எடுப்பார். ஆபீசில் இரண்டு அறைகள். முன் அறையில் புருஷன், பின் அறையில் பெண்டாட்டி. இருவரையும் ஒருவரையொருவர் பார்க்க விடமாட்டார். நடுவில் ஏழு காலடி தூரம், ஒரு திரைச்சீலை. அந்த ஏழு காலடியில்தான் அவருடைய தொழிலே இருந்தது. காப்பி கொண்டுபோகிறவன் என்பதால் இரண்டு பக்கமும் என் காதில் விழும்.

ஒரு நாள் முன் அறையில் இருந்தவர், "அவ மூஞ்சியில முழிச்சா எனக்கு மூணு நாளைக்குச் சோறு எறங்காது சார்" என்றார். சார் தலையை ஆட்டிவிட்டு ஏழு காலடி நடந்து திரையை விலக்கி, "அவருக்கு மூணு நாளாச் சோறே எறங்கலையாம்மா" என்றார். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருந்தாலும் விட்டுக்கொடுக்காமல், எங்கேயாவது போய்த் தொலையட்டும் என்றது. சார் திரும்பி வந்து, "எங்க போனாலும் உடம்பைப் பாத்துக்கிடச் சொல்லுதாங்க" என்றார். சாயந்தரம் இரண்டு பேரும் ஒரே பைக்கில் போனார்கள்.

அவர்களில் சில ஜோடிகள் இரண்டு வருஷத்தில் திரும்பி வந்ததும் உண்டு. "இது வேற வழக்கு இசக்கி, புதுக் கட்டுப் போடு" என்பார். இது பொய்யில்லையா சார் என்று ஒரு தடவை கேட்டேன். காப்பியை வடிகட்டாமல் யாராவது குடிப்பார்களா என்று திருப்பிக் கேட்டார்.

வீட்டில் மட்டும் அவருடைய வித்தை எடுபடாது. அவர் மனைவி உலகம்மாள் டீச்சருக்குப் பாளையங்கோட்டைப் பெண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை. ஏசுவதைக்கூட எண் போட்டுத்தான் ஏசுவார். முதலாவது, இரண்டாவது, மூன்றாவதில் அ, ஆ. சார் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்பார். வெளியூர் வழக்குக்குப் போயிருந்தால் டீச்சர் போனில் ஏசுவார். ஏசினால் சார் அடுத்த வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவார். பயம் பாதி, ஆசை பாதி என்று நான் நினைத்துக்கொள்வேன்.

2041-ல் தென்மண்டலப் பேச்சுத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தலைவர் தேடினார்கள். அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். பட்டியலில் இருந்த பெரிய மனிதர்கள் ஒவ்வொருவருக்கும் யாராவது ஒரு எதிரி இருந்தார். யாருக்கும் கோபம் இல்லாத ஒரே ஆள் எங்கள் சார்தான். அப்படித்தான் அந்த நாற்காலி வந்தது. பதவி ஏற்ற அன்று காரில் வைத்து, அலைக்கற்றை என்றால் என்னடே என்று என்னிடம் கேட்டார். செய்தியில் அடிக்கடி சொல்லுவாங்க சார் என்றேன்.

அடுத்த வருஷம் ஒரு கம்பெனி 'இதமி' என்று ஒன்றைக் கொண்டுவந்து அனுமதி கேட்டது. அது என்ன என்பதை எங்கள் பிரிவு அதிகாரி பெனிட்டா ராயன்தான் சாருக்குப் புரியும்படி சொன்னாள். தூத்துக்குடிப் பெண். விதிப்புத்தகத்தில் இல்லாத ஒரு கொட்டாவிகூட விடமாட்டாள்.

"போன்ல ஒருத்தர் கோபமா, இல்ல கேக்கிறவர் மனசு நோகுற மாதிரி எப்படிப் பேசினாலும், அது அடுத்தவர் காதுக்குப் போறதுக்குள்ள இதமி மாத்திரும் சார். குரல் அவங்க குரலேதான். வார்த்தையும் தொனியும் மட்டும் இதமாயிரும். அரை நொடி தாமதம், அவ்வளவுதான்."

"மாத்தினது கேக்கிறவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. பேசினவருக்கும் தெரியாது."

மற்ற உறுப்பினர்கள் தயங்கினார்கள். சாருடைய முகத்தை நான் பார்த்தேன். முப்பது வருஷம் நடந்து நடந்து அவர் செய்ததை ஒரு மிஷின் அரை நொடியில் செய்கிறது. சொந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற மாதிரி கையெழுத்துப் போட்டார். எல்லா இணைப்பிலும் இரண்டு வருஷச் சோதனை. வக்கீல் புத்தி சும்மா இருக்குமா, பாதுகாப்புக்கு ஒரு விதியும் சேர்த்தார். பதினாலாவது விதி. மாற்றாத அசல் பேச்சு முத்திரை வைத்துப் பத்திரமாக இருக்கும். கேட்டவர் நகல் மனு போடலாம். ஆனால் பேசியவர் ஒப்புதல் கையெழுத்துப் போட்டால்தான் கிடைக்கும்.

ஊரே அடங்கிப்போனது. 'அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்ணு' என்று வீட்டுக்காரர் போனில் கத்தினால், 'உங்களுக்கு இன்னும் நல்ல வீடு அமையணும்' என்று குடித்தனக்காரர் காதில் விழும். அவர் ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டு அங்கேயே இருப்பார். குடும்ப நீதிமன்றம் ஒன்றில் பொழுது போகாமல் கேரம் போர்டு வாங்கிவிட்டதாகப் பேச்சு. மின்வாரியத்துக்குப் புகார் சொல்லப் போன் செய்தவர்களின் பேச்சு பாராட்டாகப் போய்ச் சேர்ந்ததில், ஒரு பொறியாளருக்கு விருதே கிடைத்தது.

டீச்சருக்கு இன்னும் நாலு வருஷ வேலை பாக்கி இருந்ததால் பாளையங்கோட்டையிலேயே இருந்தார். தினமும் காலை ஏழரைக்கு அங்கிருந்து போன் வரும். அந்த நேரத்தில் நான் கட்டுகளோடு பக்கத்தில் நிற்பேன். சார் பக்கம் 'ம்', 'சரி', 'பாப்போம்', 'வை' என்கிற நாலு வார்த்தையில் முடிந்துவிடும். போனை வைத்துவிட்டு, "இன்னைக்கும் ஒரு வார்த்தை ஏசலடே" என்று வெற்றிக் களிப்போடு சொல்வார். ஏசினால்தானே ஊருக்கு ஓட வேண்டும்? சோதனையின் முதல் வருஷம் சித்திரையில் ஊருக்குப் போனவர், அதற்கப்புறம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்கூடப் போனிலேயே வாழ்த்துச் சொல்லி முடித்துக்கொண்டார்.

சோதனைக்காலம் முடிந்து, இதமியை நிரந்தரமாக, யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாதபடி ஆக்குவதற்கு உத்தரவு தயாரானது. அதில் கையெழுத்துப் போட்டால் சாருக்கு இன்னொரு ஐந்து வருஷம் பதவி என்று டெல்லியிலிருந்து ஜாடையாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் சம்பிரதாயத்துக்கு ஒரு பொது விசாரணை. கம்பெனிக்காரர்கள் படம் போட்டுக் காட்டினார்கள். கடைசியாக மேலப்பாளையத்திலிருந்து மைமூன் என்று ஒரு தையற்கார அம்மா எழுந்தார்.

"எம்மவன் மலேசியாவுல, ஜொகூர்ல வேலை பாத்தான்யா. தெனம் போன் பண்ணுவான். கொஞ்சம் களைப்பா இருக்கும்மா, வேற ஒண்ணுமில்லம்பான். நல்லாத் தூங்குப்பான்னு சொல்லி வச்சிருவேன். அஞ்சு மாசம் கழிச்சு அவன் கூட்டாளி நேர்ல வந்து சொல்லுதான், வேலை போயி, ஒவ்வொரு தடவையும் எங்கிட்ட ஓன்னு அழுதுதான் பேசினானாம். அந்த அழுகையைக் களைப்புன்னு ஆக்கி எங்கிட்டக் குடுத்திருக்கு உங்க மிசினு."

மகன் இப்போது எப்படி இருக்கிறான் என்று சார் கேட்டார். ஊருக்கு வந்துவிட்டான், தேறிக்கொண்டிருக்கிறான் என்றார் அந்தம்மா. ஆனால் அவன் இன்னும் தன்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அழுத பிள்ளையைத் தூங்கச் சொன்ன தாயிடம் எப்படிப் பேசுவான் என்றார். சார் பேனாவை மூடினார். பிறகு அந்தம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்: "ஐயாவை வீட்டுல யாரும் ஏசுறதில்லையா?"

"ரெண்டு வருஷமா இல்லம்மா" என்றார் சார். சபை சிரித்தது. சாரும் சிரித்தார். அந்தம்மா சிரிக்கவில்லை.

"அப்பம் ஒரு நடை வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வாங்கய்யா."

அன்று மத்தியானம் சார் சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டு நகல் மனு எழுதச் சொன்னார். மனுதாரர் ஆறுமுகநயினார். பேசியவர் உலகம்மாள். இரண்டு வருஷ அசல் பேச்சு முழுவதும் வேண்டும். அவள் ஏசியது அத்தனையையும் மொத்தமாகக் கேட்டுவிட்டால் மனசு ஆறிவிடும் என்றார். எப்படியும் ஐந்தாறு ஆயிரம் ஏச்சாவது தேறும் என்று ஒரு கணக்கும் வைத்திருந்தார்.

மனு அரை மணியில் திரும்பி வந்தது. 'பேசியவர் ஒப்புதல் கையொப்பம் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. பெனிட்டாவைக் கூப்பிட்டுத் தான்தான் தலைவர் என்பதை நினைவூட்டினார். "விதியில 'கேட்டவர்'னுதான் சார் இருக்கு, 'தலைவர்'னு இல்ல. நீங்க எழுதினது" என்றாள். சாருக்கு முதலில் கோபம் வந்தது. அவள் போன பிறகு அந்தச் சீட்டை இரண்டு தரம் எடுத்துப் படித்து, ஓட்டையே இல்லாமல் எழுதியிருக்கேன் பாத்தியாடே என்று என்னிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை வண்டியில் ஏறி மத்தியானம் பாளையங்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம். "வாங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்ததா?" என்று டீச்சர் கேட்டார். 'இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்' என்றுதான் அந்த வீட்டு வாசல் எங்களை வரவேற்றுப் பழக்கம். விருந்தாளிகளுக்கு எடுக்கிற பூப்போட்ட கோப்பையில் காப்பி வந்தது. பலகாரத் தட்டுகூட வந்தது. சார் அதில் கைவைத்துக்கொண்டு, எவ்வளவு அமைதியாக இருக்கிறது வீடு என்று என்னைப் பார்த்தார்.

நான் உள்ளே நுழைந்ததுமே பார்த்துவிட்டேன். டீச்சர் முகத்தில் கண்ணாடி இல்லை. முப்பது வருஷமாக மூக்கில் உட்கார்ந்திருந்த தடிமனான கண்ணாடி. சார் அதைக் கவனிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

"கண்ணாடி எங்க உலகு?"

"கண்ணுல ஆபரேஷன் ஆயிருச்சுல்லா, போன வருஷம்."

"ஆமா, சொன்னே. சின்ன விஷயம்தான், நீங்க வரணும்னு இல்லன்னு சொன்னே."

"நானா சொன்னேன்?" டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். "எப்படியும் வந்துருதேன்னு நீங்கதான் சொன்னிய."

"நானா சொன்னேன்?"

நான் மனுவை எடுத்து மேசையில் வைத்தேன். டீச்சர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் நீங்களும் ஒன்று போட வேண்டும் என்றார். "நான் சொன்னதை நீங்க கேளுங்க. நீங்க சொன்னதை நான் கேக்கேன்."

என் பேச்சில் மாற்ற என்ன இருக்கிறது என்று சார் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். எதிர்த்தரப்பின் வாக்குமூலத்துக்கு நகல் கேட்பது அவருக்கு முப்பது வருஷப் பழக்கம். தன் தரப்பு வாக்குமூலத்துக்கு எந்த வக்கீலும் நகல் கேட்டதில்லை. நான் பேனாவை நீட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஒரு வாரத்தில் நகல்கள் வந்தன. ஒரு பிரதி பாளையங்கோட்டைக்கும் போனது. பெனிட்டா இரண்டு உறைகளையும் சார் முன்னால் வைத்தாள். டீச்சருடையது ஒல்லியாக இருந்தது. சார் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மீதி எங்கே என்று கேட்டார்.

"இவ்வளவுதான் சார். முதல் பத்து மாசம் ஒரு நாளைக்கு ரெண்டு, மூணு இடத்துல மாத்தியிருக்கு. போன வருஷம் ஜூன் பதினெட்டுக்கு அப்புறம் ஒண்ணுகூட இல்ல."

"மிஷின் கெட்டுப்போச்சா?"

"நல்லாத்தான் சார் இருக்கு. மாத்துற மாதிரி அவங்க ஒண்ணும் சொல்லல."

கடைசியாக மாறிய வாக்கியத்தை சார் விரல் வைத்துப் படித்தார். ஜூன் 18, காலை பதினொன்றரை. டீச்சர் சொன்னது: 'ஆபரேஷனைக் கடைசிக்குத் தள்ளச் சொல்லிட்டு, பெஞ்சில உக்காந்து வாசலையே பாத்துக்கிட்டிருக்கேன். வெக்கமா இல்லையா உங்களுக்கு?' சாருக்குக் கேட்டது: 'ஆஸ்பத்திரியில எல்லாம் வசதியா இருக்கு.'

சாருடைய உறையில் எழுபது பக்கம் இருந்தது. எந்த நாளும் விட்டுப்போகவில்லை. அவர் 'ம்' என்று சொன்னது டீச்சர் காதில், 'உன் குரலைக் கேட்டாத்தான் எனக்குப் பொழுதே விடியுது' என்று விழுந்திருக்கிறது. 'வை, மீட்டிங் இருக்கு' என்றது, 'மனசே இல்லாமத்தான் வைக்கேன் உலகு' ஆகியிருக்கிறது. ஜூன் 10-ல் அவர் சொன்னது: 'இந்த மாசம் தோதுப்படாது. பாப்போம். வை.' டீச்சருக்குக் கேட்டது: 'எப்படியும் வந்துருதேன். நீ தைரியமா இரு.'

பெனிட்டா மெதுவாக வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். அவளுக்கும் மனசு உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"இசக்கி, நான் இப்படியாடே பேசுதேன்?"

"இது போன்ல பேசினது மட்டும்தான் சார். நேர்ல பேசினதுக்கு நகல் இல்ல" என்றேன். இத்தனை வருஷத்தில் நான் எதையும் வடிகட்டாமல் அவரிடம் சொன்னது அந்த ஒன்றுதான். அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் தாங்கவில்லை.

அந்த வாரமே சார் வேறு உத்தரவு எழுதினார். பேசுகிற இருவரும் கேட்டால் ஒழிய எந்த இணைப்பிலும் இதமி இருக்கக் கூடாது. ஒரே பக்கம், ஓட்டையே இல்லை. அது அமலுக்கு வருவதற்கு முந்தின நாள் டெல்லியிலிருந்து போன் வந்தது. உங்கள் சேவை மறக்க முடியாதது, நீங்கள் நன்றாக ஓய்வெடுக்க வேண்டும் என்று விரும்புகிறோம் என்று அவ்வளவு இனிமையாகப் பேசினார்கள். அதன் அசலைக் கேட்க சார் நகல் மனு போடவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு, நடுவில் எதுவும் இல்லாமல் முதல் தடவையாக வீட்டுக்குப் பேசினார். என்ன பேச வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். அதைத் தட்டுத்தடுமாறிப் படித்தார். பிறகு போனை என் பக்கம் நீட்டினார். "சரிங்க. உடம்பைப் பாத்துக்கிடுங்க" என்றது டீச்சரின் குரல். அவ்வளவுதான். போன் வைக்கப்பட்டுவிட்டது.

"மிஷின் இல்லையேடே இதுல" என்றார்.

"இல்ல சார்."

"அப்ப இது அவளேதாம்டே." இதைவிட அவரை யாரும் ஏசிவிட முடியாது என்று எனக்குத் தோன்றியது.

பதவிக்காலம் முடிந்து, நாலு பெட்டிகளோடு ஊருக்குத் திரும்பினோம். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. டீச்சர் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. சார் கூடத்தில் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். யாராவது உட்காரச் சொன்னால்தானே உட்கார முடியும்.

மேசையில் அந்த எழுபது பக்கமும் இருந்தது. டீச்சர் அதைப் பரீட்சைத் தாளாகவே திருத்தி வைத்திருந்தார். இனிமையான ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் 'பார்த்து எழுதியது' என்று குறிப்பு. 'எப்படியும் வந்துருதேன்' என்ற வரியில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. பேனா அழுந்திய இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

சமையலறையிலிருந்து, "இசக்கி, இங்க வா" என்று குரல் வந்தது. போனேன். டீச்சர் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஒருத்தி ஆஸ்பத்திரி பெஞ்சில உக்காந்து ஒரு கேள்வி கேட்டா. அந்தக் கேள்வி இன்னும் அந்த மனுஷன்கிட்டப் போய்ச் சேரல. வெக்கமா இல்லையான்னு கேளு."

நான் கூடத்துக்கு நடந்தேன். இங்கேயும் ஏழு காலடிதான் இருக்கும். வழியில், வந்துட்டியளான்னு கேக்காங்க சார் என்று சொல்லிவிடலாமா என்று ஓடியது. பழக்கதோஷம். சார் என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். தொழில் சொல்லிக்கொடுத்தவர் அல்லவா.

"என்ன சொன்னாளோ அப்படியே சொல்லுடே. ஒரு எழுத்து மாத்தப்படாது."

சொன்னேன். முழுசாகச் சொன்னேன், பெஞ்சிலிருந்து ஆரம்பித்து.

சார் பெட்டியைக் கீழே வைத்தார்.

"இருக்குன்னு சொல்லு" என்றார்.

திரும்பிப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் கையை நீட்டி நிறுத்தினார். கத்தி பலகையில் கிடந்தது. கண்ணாடி இல்லாத கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டார்.

"கேட்டுச்சு" என்றார். "இன்னொரு தடவை சொல்லச் சொல்லு."